நோய்க் காலத்தில் நெஞ்சுக்கு ஆறுதல்



ஒரு வீட்டை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம். அந்த வீட்டின் வாப்பாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். உடன் செல்ல யாருக்கும் அனுமதி இல்லை. ஆறாம் நாள் மவுத்துச் செய்தி வருகிறது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளிப்பாட்டவும், கபனிடவும், சந்தூக்கைத் தோளில் சுமக்கவும் பெற்ற பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. பாதுகாப்பு உடை அணிந்த நான்கு பேர் அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். இத்தாவில் அமர்ந்த உம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுவதற்குக் கூட உறவினர் வர இயலவில்லை.

மாதங்கள் கழிகின்றன. அந்தத் தாய் சரியாக உண்பதில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறார். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ?" என்று ஒரே கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார். தடைகள் நீங்கி உறவினர் வருகிறார்கள். "இன்னுமா அழுகிறீர்கள்? ஈமான் உள்ளவர்கள் சபூர் செய்ய வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். அதன் பிறகு அவர் அழுவதில்லை, யாரிடமும் பேசுவதுமில்லை.

வந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லதைச் சொல்வதாக எண்ணித்தான் சொன்னார்கள். ஆயினும் அந்தச் சொல் மருந்தாகவில்லை, பூட்டாகிவிட்டது. ஏன் அப்படி ஆயிற்று? துக்கத்தில் இருப்போரிடம் எப்படிப் பேச வேண்டும்? எப்போது மருத்துவரை நாட வேண்டும்? ஒரு ஜமாஅத் இதற்கு என்ன பயிற்சி பெற வேண்டும்? இவற்றை இந்தப் பாடத்தில் காண்போம். கொரோனாவுக்கான உலக நெருக்கடி நிலை 2023 மே மாதத்தில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. எனினும் அது விட்டுச் சென்ற துக்கம் பல வீடுகளில் இன்னும் முடியவில்லை. இனியொரு நோய் வராது என்று சொல்வாரும் இல்லை.

அழுகை சபூருக்கு எதிரானதா?

முதலில் இந்த ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யாகூப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறை யூஸுஃப் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. அழகிய பொறுமை என்னும் சொல் அவர்களுடைய வாயிலிருந்துதான் வருகிறது. அதே யாகூப் (அலை) அவர்கள் மகனை எண்ணி எண்ணித் துயருற்று, அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்றும் அதே அத்தியாயம் கூறுகிறது. தம் துயரத்தை அவர்கள் அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். பொறுமையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் இருந்தன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீமை மடியில் ஏந்தியிருக்க, அதன் உயிர் பிரிந்தது. நாயகத்தின் கண்கள் கலங்கின. உடனிருந்த தோழர் வியந்து கேட்டபோது, அது இரக்கம் என்று விளக்கினார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் இறைவனுக்குப் பொருந்தாத சொல்லை நாவு சொல்லாது என்பதே அவர்கள் காட்டிய வழி. ஒப்பாரி வைத்து முகத்தில் அறைந்துகொள்வதை மார்க்கம் தடுத்தது; கண்ணீரைத் தடுக்கவில்லை. கதீஜா நாயகி (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே நம் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. நாயகத்துக்கே துக்க ஆண்டு ஒன்று இருந்திருக்க, நம் வீட்டுப் பெண்மணியின் துக்கத்தை நாம் ஈமானின் குறை என்று சொல்லலாமா?

மர்யம் (அலை) அவர்களின் வரலாறு இன்னும் நுட்பமானது. தனிமையில், பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னதைத் திருமறை பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கண்டனம் வரவில்லை. நீண்ட உபதேசமும் வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை காட்டப்பட்டது. பேரீச்ச மரத்திலிருந்து கனி கிடைத்தது. உண்ணும்படியும் பருகும்படியும் கண் குளிரும்படியும் சொல்லப்பட்டது. மனம் உடைந்தவருக்கு முதலில் எது தேவை என்பதை இங்கிருந்தே கற்கலாம்.

கொள்ளை நோயைக் கண்ட முன்னோர்

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 639 வாக்கில், ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவிற்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். ஸர்கு என்னுமிடத்தில் செய்தி எட்டியது. முஹாஜிர்களையும், அன்ஸாரிகளையும், குறைஷிப் பெரியோர்களையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்துவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், இருக்கும் ஊரில் நோய் வந்தால் அங்கிருந்து ஓட வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துச் சொல்ல, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களும் முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் அந்த நோயிலேயே மறைந்தார்கள்.

தவக்குலும் தற்காப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதிலிருந்து அறிகிறோம். உடலின் நோய்க்கு இது பொருந்துமானால், உள்ளத்தின் நோய்க்கும் பொருந்தும். முகக் கவசம் அணிந்தவரை ஈமான் குறைந்தவர் என்று நாம் சொல்வதில்லை. மனநல மருத்துவரிடம் செல்பவரை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் பெண்மக்கள் மூவரைக் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். கொள்ளை நோயைப் பற்றி அவர்கள் எழுதிய "பத்லுல் மாஊன்" என்னும் நூல், துக்கம் அறியாத ஒருவர் எழுதிய நூலன்று. தாஊன் நோயில் இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற நபிமொழி அத்தகைய பெற்றோருக்கெல்லாம் மருந்தாயிருந்தது. கொரோனாவில் மறைந்தவர்களுக்கும் அந்த நற்பேற்றை ஆதரவு வைக்கலாம் என்று உலமாக்கள் பலர் கூறியதும் இதனாலேதான்.

உள்ளத்துக்கும் மருந்துப் பெட்டி

பல்க் நகரத்து அறிஞர் அபூஸைத் அல்-பல்கீ அவர்கள் கி.பி. 934-இல் காலமானார்கள். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார்கள். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என்னும் ஓயாத ஊசலாட்டம் ஆகிய நான்கையும் உள்ளத்தின் பிணிகளாக வைத்து ஆராய்ந்தார்கள். துக்கத்தையும் இருவகையாகப் பிரித்தார்கள். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று; பிரியமானவரை இழந்ததால் வருவது போன்றது. காரணம் தெரியாமல் வரும் துக்கம் மற்றொன்று. அதற்கு உடலின் நிலையும் காரணமாகலாம், ஆதலின் உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதியது இது.

அவர்கள் சொன்ன மற்றொரு கருத்து நம் வீடுகளுக்கு மிகவும் ஏற்றது. அவசரத்துக்கென்று மருந்தை முன்கூட்டியே வீட்டில் வாங்கி வைப்பது போல, மனம் அமைதியாயிருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும்; துன்பம் வரும்போது அவை கைகொடுக்கும் என்பதே அது. பயிற்சி என்று இக்காலத்தார் கூறுவதும் இதைத்தான். தீப்பிடித்த பின்பு கிணறு வெட்ட முடியாது.

பார்த்தல், கேட்டல், சேர்த்து வைத்தல்

உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, கொரோனாவின் முதல் ஆண்டில் மனப் பதற்ற நோயும் மனச்சோர்வு நோயும் உலகெங்கும் 25 சதவீதம் கூடின. இளைஞர்களும் பெண்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள். இத்தனை பேருக்கும் மருத்துவர்கள் மட்டுமே ஆறுதல் அளிப்பது நடவாத காரியம். காயத்துக்குக் கட்டுப்போட எல்லோரும் கற்றுக்கொள்வது போல, மனக்காயத்துக்கும் முதலுதவி கற்றுக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வேறு இரு நிறுவனங்களுடன் சேர்ந்து 2011-இல் இதற்கொரு கைந்நூல் வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொற்களில் அடங்கும்: பார்த்தல், கேட்டல், சேர்த்து வைத்தல்.

பார்த்தல்: வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சைத் தொடங்க வேண்டாம். சாப்பிட்டார்களா? உறங்கினார்களா? குழந்தைகளைக் கவனிக்க ஆள் உண்டா? மாத்திரைகள் இருக்கின்றனவா? இவற்றைக் கவனியுங்கள். மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். வீட்டில் மவுத்து நிகழ்ந்தால் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் செய்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துத் துக்கத்தில் சிறிதைப் போக்கும் என்று நாயகத்திடம் கேட்டதாகவும் அறிவித்தார்கள். நோய்க் காலத்தில் உள்ளே செல்ல முடியாவிட்டாலும், வாசலில் ஒரு தூக்குக் கஞ்சியை வைத்துவிட்டு வரலாமன்றோ!

கேட்டல்: இதுதான் கடினமானது. அருகில் அமருங்கள், நேரில் இயலாதபோது டெலிபோனில் பேசுங்கள். "லாத்தா, நான் கொஞ்ச நேரம் உங்களோடு இருக்கட்டுமா? பேச வேண்டும் போலிருந்தால் பேசுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருப்போம்" என்று சொன்னாலே போதும். அவர் பேசினால் குறுக்கிட வேண்டாம். பேசாவிட்டால் நடந்ததையெல்லாம் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். அதிர்ச்சியடைந்தவரை உடனே முழுக்கதையையும் சொல்ல வைப்பது நன்மை தராது என்பதை வல்லுநர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர்.

சேர்த்து வைத்தல்: ரேஷன், இறப்புச் சான்றிதழ், அரசு உதவித் தொகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், உறவினரின் தொடர்பு, வேண்டுமானால் மருத்துவர் என, அவருக்கு எது தேவையோ அதனோடு அவரைச் சேர்த்து வைப்பது. நம்மால் முடியாததை முடியும் என்று வாக்களிக்கக் கூடாது. அவர் நம்பிச் சொன்னதை வேறு வீட்டில் போய்ச் சொல்லவும் கூடாது. அது அமானிதம்.

சொல்லத் தகாதவை

"அவருக்கு விதி முடிந்துவிட்டது, விட்டுத் தள்ளுங்கள்." "உங்களைவிடக் கஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர்!" "அந்த ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போனீர்கள்?" "ஆண்பிள்ளை அழலாமா?" இவற்றுள் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையான சொல்லுக்கும் நேரம் உண்டு. விதியைப் பற்றிய நம்பிக்கை, துக்கத்தில் இருப்பவர் தாமே பற்றிக்கொள்ள வேண்டிய கயிறு. நாம் அவர்மீது வீசும் கல் அன்று. முதலில் கேளுங்கள். அவரே அல்லாஹ்வின் பெயரைச் சொல்லத் தொடங்கும்போது, அவரோடு சேர்ந்து துஆச் செய்யுங்கள்.

முகம் பாராமல் அடக்கம் செய்யப்பட்டவர்களின் வீட்டாருக்கு இன்னொரு வேதனை உண்டு. கடைசிக் கடமையைச் செய்யவில்லையே என்று தங்களையே நொந்துகொள்வார்கள். இயலாததை அல்லாஹ் யார் மீதும் சுமத்துவதில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துரையுங்கள். ஷாபிஈ மத்ஹபினர் கபுருக்குச் சென்று ஜனாஸாத் தொழுகை தொழலாம். வெளியூரில் அடக்கமானவருக்குக் காயிப் தொழுகை தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் துஆவும் தர்மமும் செய்து அதன் நன்மையைச் சேர்த்து வைக்கலாம். அவரவர் இமாமிடம் முறையைக் கேட்டுச் செய்வது மனப்பாரத்தைப் பெரிதும் குறைக்கும்.

இலங்கைச் சகோதரர்களின் துன்பம் இதனினும் பெரிது. 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி இறுதி வரை, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் அங்கே கட்டாயமாக எரிக்கப்பட்டன. பின்னர்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. 2024 ஜூலையில் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கோரியது. கபுர் கூட இல்லாத குடும்பங்களுக்கு, இறந்தவரின் பெயரைச் சொல்லித் துஆச் செய்ய ஒரு நாளும், அமர்ந்து பேச ஓர் இடமும் ஜமாஅத்துகள் அமைத்துக் கொடுப்பது பெரும் ஆறுதலாகும்.

எப்போது மருத்துவரை நாடுவது?

துக்கம் நோயன்று. பெரும்பாலோர்க்கு நாளாவட்டத்தில் அது தணியும். ஆனால், நாள் முழுவதும் நீங்காத சோர்வும், எதிலும் நாட்டமின்மையும், உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து, அன்றாட வேலையே செய்ய இயலாமற் போனால் மருத்துவரை நாட வேண்டும். நோய்க்கு அஞ்சிக் கை கழுவிக் கழுவித் தோல் உரிவதும், ஒளுச் செய்துவிட்டு மீண்டும் மீண்டும் செய்வதும் பக்தியல்ல. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்று ஃபிக்ஹ் சட்டம் கூறுகிறது. அந்தச் சட்டம் தெரிந்த பின்னும் நிறுத்த முடியவில்லையென்றால், அது சிகிச்சையால் குணமாகக் கூடிய ஒரு நோய்.

வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். "ஹராமான பேச்சைப் பேசாதே" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்வது ஹராம் என்பதை அவரும் அறிவார். அறிந்தவருக்கும் நோயின் மிகுதியால் அந்த எண்ணம் வருவதுண்டு. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று கனிவோடு நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விளையாது. தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். உடனே மருத்துவ உதவி தேடுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்னும் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926 என்னும் எண் உண்டு. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கும் சிகிச்சை தடையில்லை. தேவைக்காக வெளியே சென்று மருத்துவரைப் பார்க்க மார்க்கம் இடமளிக்கிறது.

ஓதிப் பார்ப்பதும் துஆவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு மருந்தும் வேண்டும் என்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளின் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. கி.பி. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி வைத்துப் பராமரித்த சமுதாயம் நம்முடையது. நோயுற்றவரைக் கட்டிப் போடுவது நம் மரபன்று; 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் அதைத் தடை செய்துள்ளது.

தொண்டர்களை மறவாதீர்!

நோய்க் காலத்தில் தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் இளைஞர்கள் சமயம் பாராமல் உடல்களை ஏற்றி, அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்ய உதவினார்கள். ஊரார் பாராட்டினார்கள். ஆனால் ஒரே நாளில் பல உடல்களைத் தொட்டுத் தூக்கியவன், இரவில் கண்ணை மூடியதும் எதைக் கண்டான் என்று எத்தனை பேர் கேட்டோம்? அப்படிப்பட்டவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புவதும், முறை வைத்து ஓய்வு கொடுப்பதும், வேலை முடிந்தபின் தேநீரோடு அமர்ந்து மனம் விட்டுப் பேச வைப்பதும் பொறுப்பாளர்களின் கடமை. தொண்டனின் உடலுக்கும் அவன்மீது உரிமை உண்டு.

ஒவ்வொரு ஜமாஅத்தும் நோய் இல்லாத இந்நாட்களிலேயே நான்கு காரியங்களைச் செய்து வைக்கலாம். ஒன்று: ஆண்களில் இருவர், பெண்களில் இருவர் முதலுதவிப் பயிற்சி பெறட்டும், அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரை அழைத்து ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். இரண்டு: மஹல்லாவில் தனித்து வாழும் முதியோர், விதவைகள், வெளிநாட்டில் கணவர் இருக்கும் பெண்கள் ஆகியோரின் பட்டியல் இருக்கட்டும், ஊரடங்கு வந்தால் நாளுக்கொரு முறை அவர்களுக்குப் போன் செய்ய ஆள் குறிக்கட்டும். மூன்று: உதவி எண்கள் பள்ளிவாசல் பலகையிலும் பெண்கள் மதரஸாவிலும் எழுதப்படட்டும். நான்கு: மனநோய் வெட்கப்படத் தக்கதன்று என்பதை இமாம்கள் ஜும்ஆ பயானில் சொல்லட்டும்.

வீட்டில் செய்து பார்க்க

இன்றிரவு குடும்பத்தோடு அமருங்கள். இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் தம் மனத்தில் உள்ள ஒரு கவலையை ஐந்து நிமிடம் சொல்லட்டும். மற்றவர் புத்தி சொல்லாமல், திருத்தாமல், தம் கதையைத் தொடங்காமல் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பின்பு மாற்றிச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் வாயை மூடிக் கேட்பது எவ்வளவு அரிது என்பது அப்போது விளங்கும்.

நாம் தொடக்கத்தில் கண்ட வீட்டுக்கு இப்போது திரும்பிச் செல்வோம். அந்த உம்மா இன்னும் பேசாமல்தான் இருக்கிறார். யாரேனும் ஒருவர் அவர் பக்கத்தில் பாயை விரித்து உட்காரட்டும். ஒரு கிண்ணம் கஞ்சியைக் கையில் கொடுக்கட்டும். "மச்சான் உங்களை எப்படிக் கூப்பிடுவார், லாத்தா?" என்று கேட்கட்டும். அவர் அழுதால் அழட்டும். ஆண்டுகள் சென்றுவிட்டனவே என்று தயங்க வேண்டாம். ஆறுதல் சொல்லக் காலம் கடந்துவிடவில்லை.

நோயுற்றோர்க்கு ஷிபாவையும், பிரிந்தோர்க்கு மக்ஃபிரத்தையும், துக்கத்தில் இருப்போர்க்கு அழகிய பொறுமையையும், நமக்கு அவர்களின் சொல்லைக் கேட்கும் செவியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.